ஓதம் தெரியட்டும்
மும்பையில் ஒரு கூரை – 17

செம்பூர் வீட்டை விற்பது என்று முடிவானதும் அண்ணன் முதலில் கூப்பிட்டது பெயின்டரைத்தான். ஹாலுக்கு வெள்ளை, உள்ளறைக்கு இளமஞ்சள், காரை பெயர்ந்த இடத்துக்கெல்லாம் புட்டி. பத்து நாளில் வேலை முடியும், பிறகு புரோக்கரிடம் சாவியைக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான். அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"ஏல பெரியவனே, அந்த மூலைச் சுவத்துக்கும் சேத்தா அடிக்கப் போற?"

"வேற என்னம்மா செய்ய? அப்படியே விட்டா எவன் வாங்குவான்?"

"மறைச்சு வித்துட்டு நீ போயிருவ. மழை வந்ததும் இந்த வீட்டுக்கு வார பொண்ணு என்னையில்லா வைவா."

அது 2024 ஏப்ரல் கடைசி. சுவர்கள் எல்லாம் நன்றாகக் காய்ந்திருந்தன. உள்ளறையின் மூலையில் மட்டும் பழுப்பாக ஒரு தேமல், அதன் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்த கோடு. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தத் தேமல் அங்கே இருக்கிறது. ஜூன் கடைசியில் உள்ளங்கை அளவுக்கு நனையும். ஆகஸ்டில் ஆள் உயரத்துக்கு இறங்கும். அந்தப் பக்கம் பீரோ வைக்க மாட்டோம். என் பள்ளிப் புத்தகங்களை வைத்து ஒருமுறை அட்டையெல்லாம் பூஞ்சை பிடித்துப் போயின. தீபாவளிக்கு அப்பா சுரண்டிவிட்டு டிஸ்டெம்பர் அடிப்பார். அடுத்த ஜூனில் மறுபடி வரும்.

மும்பையில் வீடு விற்கிறவர்கள் நவம்பர் முதல் மே வரைதான் வீட்டைக் காட்ட விரும்புவார்கள். மழை ஓய்ந்து சுவர் காய்ந்திருக்கும். புட்டியும் இரண்டு கோட்டு பெயின்டும் போட்டால் இருபது வருட ஓதம் கண்ணுக்குத் தெரியாது. சிலர் மேலே பி.ஓ.பி.யில் பொய்க்கூரை போட்டு, ஈரம் படிந்த ஸ்லாப்பையே மூடிவிடுவார்கள். வாங்குகிறவர் ஆறு மாதம் கழித்து, கடன் தவணையும் ஆரம்பித்துவிட்ட பிறகு, ஒரு ஜூலை இரவில்தான் தான் என்ன வாங்கினோம் என்று பார்ப்பார். இதை ஊரே செய்கிறது என்பதால் இது தப்பில்லாமல் போய்விடாது. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ம் பிரிவில் இதைத் தெளிவாகவே சொல்கிறது. சொத்தில் ஒரு முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், அவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதை வெளிப்படுத்தியாக வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்றே அந்தப் பிரிவு கணக்கில் வைக்கிறது. அம்மா படித்தது அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்தில் ஐந்தாம் வகுப்பு. அவள் அந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டதில்லை.

அண்ணன் பெயின்டரை நிறுத்தினான். பதிலாக ஒரு மிஸ்திரியை வரச் சொன்னோம்.

வீட்டை விற்கும் எண்ணம் உள்ள யாரும் புரோக்கருக்கு முன் கூப்பிட வேண்டிய ஆள் மிஸ்திரிதான் என்று எனக்கு அன்று புரிந்தது. அவர் முதலில் எதையும் உடைக்கவில்லை. பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துச் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். நல்ல காரை கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். பிடிப்பு விட்ட காரை மண்பானையைத் தட்டியதுபோலப் பொள்ளலாக ஒலிக்கும். தரை ஓடுகளையும் அப்படியே தட்டினார். அடுக்களை மேடைக்குக் கீழே, குளியலறைத் தண்ணீர் வடியும் நஹானி டிராப்பைச் சுற்றி, ஜன்னலுக்கு மேல் நீட்டிய சஜ்ஜாவின் அடியில் என்று ஒவ்வோர் இடமாக டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார்: இந்த மூலை வருடம் முழுக்க நனைகிறதா, மழைக்கு மட்டுமா?

மழைக்கு மட்டும்.

நாங்கள் யாரும் அந்தக் கேள்வியை அதுவரை கேட்டுக்கொண்டதே இல்லை. ஓதம் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே மூன்றாம் மாடியின் குளியலறை. அதனால் தண்ணீர் மேல்வீட்டிலிருந்துதான் வருகிறது என்பது எங்கள் வீட்டில் வேதவாக்கு. மேல்வீட்டு மராத்தி அம்மாள் காக்கூவோடு அப்பா அதற்காகப் போட்ட சண்டைகள் அந்த மாடிப்படிக்கே தெரியும். கட்டடத்தின் வீட்டு வசதிச் சங்கமான சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் ஒருமுறை சொந்தக் காசில் குளியலறைத் தரையை உடைத்து வாட்டர்ப்ரூஃபிங் செய்தார்கள். அதன் பிறகும் ஓதம் வந்தது. வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று அப்பா மறுபடி கோபப்பட்டார். கணபதிக்கு மோதகம் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்த வீட்டோடு பேச்சு நின்றது. அப்பா இறந்தபோது காக்கூ வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார்.

குளியலறைக் குழாயோ தரையோ ஒழுகினால் கோடையிலும் ஒழுகும் என்றார் மிஸ்திரி. சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். நானும் அண்ணனும் மேலே போய்க் கேட்டோம். காக்கூ மறுக்கவில்லை. நஹானி டிராப்பைத் துணியும் சிமெண்டும் வைத்து அடைத்து, குளியலறைத் தரையில் இரண்டங்குலத் தண்ணீர் தேக்கி, ஒரு பகலும் ஒரு இரவும் அப்படியே விட்டோம். அவர்கள் குடும்பம் அந்த ஒரு நாள் பக்கத்து வீட்டில் குளித்தது. எங்கள் மூலையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. மே மாதம், சுவர் எலும்பு போலக் காய்ந்து கிடந்தது.

இரண்டு நாள் கழித்து, மொட்டை மாடியிலிருந்து ஹோஸ் பைப்பைத் தொங்கவிட்டு, வெளிச்சுவரில் சஜ்ஜா சேரும் இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். மூன்று மணி நேரத்தில் மூலை கறுத்தது.

அம்மா அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். வெளிச்சுவரில் தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு. அவ்வளவுதான். முப்பது வருடப் பகை அந்த வெடிப்பின் வழியாக வீட்டுக்குள் வந்திருக்கிறது. அன்று சாயங்காலம் அம்மா ஒரு பாத்திரத்தில் பாயசம் எடுத்துக்கொண்டு, முழங்கால் வலியோடு, ஒரு மாடி ஏறிப் போனாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் மராத்தி, காய்கறி வாங்கும் மராத்தி.

நீர் குளியலறையிலிருந்தா வெளிச்சுவரிலிருந்தா என்ற வித்தியாசத்துக்குப் பணக் கணக்கும் உண்டு. மகாராஷ்டிராவின் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்களுக்கான மாதிரித் துணை விதிகளின்படி, வெளிச்சுவர், மொட்டை மாடி வழியாக இறங்கும் நீர் சொசைட்டியின் பொறுப்பு. ஒரு வீட்டின் குளியலறையோ தொட்டியோ ஒழுகினால் அந்த வீட்டுக்காரரின் பொறுப்பு. நீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் யாருக்குக் கடிதம் எழுதினாலும் வீண். நாங்கள் சோதனை நடந்த தேதிகளோடும் படங்களோடும் எழுதினோம். கமிட்டி ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்குள் ஜூன் பிறந்துவிட்டது, சாரம் கட்டி வெளிச்சுவர் வேலை செய்ய மழை ஓய வேண்டும். நவம்பரில் செய்து தருகிறோம் என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கடிதம் எங்கள் விற்பனைக் கோப்பின் முதல் தாள் ஆனது.

வெடிப்பைச் சும்மா விடக் கூடாது என்பதற்கு ஓதத்தைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. கடற்கரை ஊரின் உப்புக்காற்றும் நான்கு மாத மழையும் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். உள்ளே இடமில்லை, அதனால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். தூணிலோ உத்தரத்திலோ கம்பி ஓடும் வாக்கிலேயே நேர்கோட்டில் வெடிப்பு விட்டிருந்தால் அது புட்டி பூசும் வேலை அல்ல, இன்ஜினீயரைக் கூப்பிடும் வேலை. முப்பது வயது கடந்த கட்டடங்கள் தகுதிபெற்ற ஸ்ட்ரக்சரல் இன்ஜினீயரிடம் சான்று வாங்க வேண்டும் என்று மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 353பி பிரிவு சொல்கிறது. மாதிரித் துணை விதிகளோ பதினைந்து வயதிலிருந்தே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, முப்பது வயதுக்கு மேல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆடிட் செய்யச் சொல்கின்றன. வாங்க வருகிறவர் இந்த ஆடிட் ரிப்போர்ட்டைக் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொசைட்டி ஆபீஸில் ஒரு நகல் வாங்கி வையுங்கள்.

விற்கும் முன் வீட்டைப் 'பெரிதாக்கிக் காட்ட' சுவர் இடிக்கும் வழக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஹாலும் அடுக்களையும் ஒன்றாகத் தெரிந்தால் விலை ஏறும் என்று புரோக்கர்கள் சொல்வார்கள். செம்பூருக்குப் பக்கத்தில், காட்கோபரில், 2017 ஜூலை 25 அன்று சித்தி சாய் என்ற நாலுமாடிக் கட்டடம் இடிந்து 17 பேர் இறந்தார்கள். தரைத்தளத்தில் நடந்த மாற்று வேலையில் கட்டடத்தைத் தாங்கிய பகுதிகளில் கை வைத்ததுதான் காரணம் என்று குடியிருந்தவர்கள் குற்றம் சாட்டினார்கள். நான் மறுநாள் அந்தத் தெரு முனை வரை போய்த் திரும்பினேன். அன்றிலிருந்து எந்த வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்டாலும் எனக்குக் கேட்கத் தோன்றும் ஒரே கேள்வி, எந்தச் சுவர் என்பதுதான்.

சுவர் விஷயம் தெளிவானதும் காகிதங்கள். மும்பையில் வீடு பார்க்க வருகிறவர் இருபது நிமிடம் அறைகளைப் பார்ப்பார். அவருடைய வக்கீலும் வங்கியும் இருபது நாள் காகிதங்களைப் பார்ப்பார்கள். அப்பா இந்த வீட்டை வாங்கியது 1984-ல். தாராவியில் ஒற்றை அறையில் பிறந்து, மாட்டுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்து, மாட்டுங்காவிலேயே வீடு வாங்க ஆசைப்பட்டு, விலை கேட்டுப் பின்வாங்கி, செம்பூருக்கு வந்தவர். அப்போது மாட்டுங்காவிலிருந்து தமிழர்கள் பலர் செம்பூர்ப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். செட்டா நகரில் குன்றுபோலப் படியேறிப் போகும் முருகன் கோயில் இருப்பது போதும் என்று அப்பா சொல்வாராம்.

அவருடைய ஒப்பந்தம் 5 ரூபாய் முத்திரைத் தாளில் இருந்தது. அந்தக் காலத்தில் அது சாதாரணம். 1985 டிசம்பர் 10-க்குப் பிறகுதான், கைவசம் ஒப்படைக்கும் விற்பனை ஒப்பந்தத்துக்கு முழுப் பத்திரத்துக்குரிய முத்திரைத் தீர்வை என்று மகாராஷ்டிராவில் சட்டம் மாறியது. அந்தத் தேதிக்கு முந்தைய ஒப்பந்தம் என்றால் அதன் மூலம் கையில் இருக்க வேண்டும். பிந்தையது என்றால் தீர்வை கட்டிய அத்தாட்சி இருக்க வேண்டும். கட்டாமல் விட்டவர்களுக்காக, 1980 முதல் 2020 வரையிலான பத்திரங்களுக்கு அபராதம் குறைக்கும் திட்டம் ஒன்றை மகாராஷ்டிர அரசு 2023 டிசம்பரில் கொண்டுவந்தது. எங்கள் சொசைட்டியில் நாலைந்து பேர் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். மூல ஒப்பந்தம் எங்கே என்று தேடி இரண்டு நாள் போயிற்று. மாலாவில், அதாவது பரணில், என் பாவாடை சட்டைகளும் அண்ணனின் கிரிக்கெட் மட்டையும் இருந்த டிரங்குப் பெட்டியின் அடியில், எல்.ஐ.சி. காலண்டருக்குள் சுற்றி வைத்திருந்தார் அப்பா. வீட்டை ஒழிக்கும்போது மாலாவில் இருந்து தொடங்குங்கள். காகிதமும் அங்கேதான் இருக்கும், அழுகையும் அங்கேதான் இருக்கும். இரண்டுக்கும் நேரம் வேண்டும்.

ஷேர் சர்டிபிகேட்டில் அப்பா பெயர். நாமினி அம்மா. நாமினியாக இருப்பதாலேயே வீடு அம்மாவுக்கு என்று அண்ணன் நினைத்திருந்தான். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சொசைட்டி பெயரை மாற்றிக் கொடுக்க நாமினி போதும், உரிமை வாரிசுகள் எல்லோருக்கும் உண்டு. நானும் அண்ணனும் எங்கள் பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தோம். இதை வாங்குபவர் வந்த பிறகு தொடங்கினால் டோக்கன் வாங்கிவிட்டு மாதக்கணக்கில் அவரைக் காக்க வைக்க நேரும். சொசைட்டிகள் விற்பனையின்போது பெயர் மாற்றத்துக்கு வாங்கும் பிரீமியத்துக்கு மாநகராட்சிப் பகுதிகளில் உச்சவரம்பு 25,000 ரூபாய் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 'கட்டட நிதிக்கு நன்கொடை' என்று அதற்கு மேல் கேட்பார்கள்.

பிறகு நாடாவைப் பிடித்து அளந்தோம். ஒப்பந்தத்தில் பில்டப் 560 சதுர அடி. உள்ளே கால் பதியும் இடம் 418. விளம்பரத்தில் 560 என்றே போடலாம் என்றார் புரோக்கர். 2016-ம் ஆண்டின் ரெரா சட்டம் கார்பெட் ஏரியா என்றால் என்ன என்று வரையறுத்த பிறகு அந்தப் பழைய கணக்கைச் சொல்வதில் அர்த்தமில்லை. 418 என்றே போட்டோம். இன்னொன்று, 1991-ல் அப்பா பால்கனியை அடைத்து எனக்குப் படிக்க இடம் செய்து கொடுத்திருந்தார். அனுமதி பெற்ற வரைபடத்தில் அது திறந்த பால்கனி. வங்கியின் மதிப்பீட்டாளர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவார். அதையும் முதலிலேயே சொல்வது என்று எழுதி வைத்தோம்.

இதே நாட்களில் மாட்டுங்காவில் என் தோழி ஒருத்தி தன் பாட்டி வீட்டை விற்க அலைந்துகொண்டிருந்தாள். அது வேறொரு உலகம். 1896-ல் பிளேக் வந்து ஊர் செத்த பிறகு, 1898-ல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று இடைவெளி விட்டுத் திட்டமிட்ட பகுதி அது. உயரக் கூரை, மொசைக் தரை, தேக்குக் கதவு. ஆனால் அந்த வீடு பகடி வீடு. வீட்டுக்கு முன்பணம் கொடுத்துக் குடியேறியவர் வாடகைதாரர்தான். வாடகையோ 1940 செப்டம்பர் நிலவரத்தில் உறைந்து போனது. 1999-ம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைச் சட்டம் இந்தப் பகடிக் கொடுக்கல் வாங்கலைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. விற்கும்போது வீட்டுக்காரருக்கு மூன்றில் ஒரு பங்கு போல் கொடுப்பது வழக்கம். அங்கே வருகிறவர் தேக்குக் கதவைத் தட்டிப் பார்ப்பதில்லை. "வாடகை ரசீது யார் பேர்ல இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. தாத்தா பெயரில் இருந்தது. தாத்தா இறந்து பல வருடம். வெள்ளையடிக்க வைத்திருந்த பணத்தை அவள் வக்கீலுக்குக் கொடுத்தாள். அதுதான் சரி.

தாராவியில் என் அத்தை வீட்டுக்கும் அந்த வருடம் ஆட்கள் வந்தார்கள், ஆனால் வாங்க அல்ல. தாராவி மறுமேம்பாட்டுத் திட்டத்தின் சர்வே 2024 மார்ச்சில் தொடங்கியிருந்தது. கதவில் எண் போட்டு, அளந்து, காகிதம் கேட்பார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததை நிரூபித்தால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. பிறகு வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே, வேறு கணக்கு. அத்தை முதல் நாளே வாசலைக் கழுவி, மாக்கோலம் போட்டு, பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். டப்பாவில் 1976 குடிசைக் கணக்கெடுப்பில் கொடுத்த போட்டோ பாஸ், பெஸ்ட் கரண்ட் பில்கள், வாக்காளர் பட்டியல் நகல். பாஸில் மாமாவுக்கு மீசை அரும்பிய முகம். ஓதத்தைப் பற்றியோ சுவரைப் பற்றியோ யாரும் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பார்வைக்கு வைத்தது வீட்டை அல்ல, அந்த வீட்டில் தான் இருந்ததை. ஐம்பது வருடம் உழைத்துக் கட்டிய இடத்தில் இருந்ததற்குத் தாள் காட்டச் சொல்வது எனக்கு இன்றும் மனதைப் பிசைகிறது.

செம்பூருக்குத் திரும்புகிறேன். ஜூலையில் காட்டலாம் என்று அம்மா சொன்னபோது புரோக்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவர் நிபந்தனைகள் வந்தன. முதல் நிபந்தனை, ஆட்கள் வரும் நாட்களில் மீன் சமைக்கக் கூடாது. கருவாடு கூடவே கூடாது. இந்தக் கட்டடத்தில் 'எல்லாரும் ஒரே மாதிரி இல்லை' என்று அவர் இழுத்தார். நாற்பது வருடமாக அம்மா நெத்திலிக் கருவாடு வறுக்கும்போது அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்வாள். அது அவளுடைய நாகரிகம். விற்கும் நாளில் அந்த வாசனையே குற்றம் என்று ஒருவர் வந்து சொன்னது அவளைவிட எனக்கு அதிகம் சுட்டது. வீடு விற்கும் தமிழர்களிடம் "வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா" என்று இந்த ஊரில் சர்வசாதாரணமாகக் கேட்கிறார்கள். வாங்க வருகிறவர்களிடமும் கேட்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு யார் வரலாம் என்பதில் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று புரோக்கரிடம் சொன்னோம். அம்மா அன்று சாளை வாங்கிக் குழம்பு வைத்தாள். புகைபோக்கியைப் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

மற்றபடி அவர் சொன்னதில் நியாயமானவை பல இருந்தன. செய்தோம். எரியாத பல்புகளை மாற்றினோம். மழைக்கு ஊதி இறுகிய வாசற்கதவை இழைத்துச் சரி செய்தோம். பழைய ஃப்யூஸ் பெட்டியை எடுத்துவிட்டு எம்.சி.பி. போட்டோம். ஒழுகும் குழாய்களுக்கு வாஷர். ஹாலை அடைத்துக்கொண்டிருந்த ஷோகேஸைத் தாராவிக்கு அனுப்பினோம். அம்மாவின் முருகன் படத்தையும் எடுத்துவிடச் சொன்னார். அதற்கு அம்மா ஒப்பவில்லை.

முதலில் வந்த குடும்பம் மூலைச் சுவரைப் பார்த்ததும் உட்காரக்கூட இல்லை. இரண்டாவதாக வந்தவர் ஓதத்தைக் காட்டி விலையில் கால்வாசியைக் குறைக்கச் சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் "சொன்னேனே" என்றிருந்தது. எல்லோரும் கேட்ட இன்னொரு கேள்வி, ரீடெவலப்மெண்ட் எப்போது என்பது. நாற்பது வயதுக் கட்டடம். பில்டர் வந்து இடித்து உயர்த்திக் கட்டினால் இதே பங்குக்குப் பெரிய வீடு கிடைக்கும். வீட்டைப் பார்க்க வந்த பாதிப்பேர் அந்த வருங்கால வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு நடக்கிறது, தீர்மானம் எதுவும் ஆகவில்லை என்பதை உள்ளபடி சொன்னோம். அடுக்களை மேடையைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்த அம்மா, "இடிக்கதுக்கா வாங்குதாவ?" என்று ஒரு இரவு கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

மூன்றாவதாக வந்தது ஒரு இளம் தம்பதி, ஆணின் தாயோடு. நாசிக் பக்கத்துக்காரர்கள். ஜூலை கடைசி வாரம், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நின்று பஸ் சுற்றிப் போனதாகச் சொல்லிக்கொண்டே குடையை வாசலில் விரித்து வைத்தார்கள். அம்மா அவர்களை நேராக உள்ளறைக்குக் கூட்டிப் போனாள். அந்தத் தாயார் சுவரில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றார். நாங்கள் கோப்பைத் திறந்தோம். சோதனைப் படங்கள், சொசைட்டிக் கடிதம், ஆடிட் ரிப்போர்ட், உள்சுவரைச் சுரண்டிப் பூச மிஸ்திரி கொடுத்த எஸ்டிமேட். அந்த எஸ்டிமேட் தொகையை விலையில் கழித்துக்கொள்ளலாம் என்றான் அண்ணன், யாரும் கேட்காமலே. மருமகள் மேல்வீட்டைப் பற்றிக் கேட்டாள். காக்கூவே இறங்கி வந்து பேசினார். மராத்தியில் வெகுநேரம் பேசினார்கள். அம்மா டீ போட்டாள்.

ஆகஸ்டில் ஒப்பந்தம் பதிவாயிற்று. ஆறு மாடி ஏறி இறங்கி முத்திரைத் தீர்வையும் டி.டி.எஸ்.ஸும் கட்டிய கதையை அடுத்த வாரம் சொல்கிறேன்.

சாவி கொடுப்பதற்கு முந்தின நாள் ராத்திரி அம்மா என்னை ஒரு தாளும் பேனாவும் எடுத்து வரச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன், பிறகு மராத்தியில் பெயர்த்துத் தரக் காக்கூவின் பேத்தியிடம் கொடுத்தோம். அது இப்போதும் என் போனில் படமாக இருக்கிறது. 'முனிசிபாலிட்டித் தண்ணி காலையில் அஞ்சு மணிக்கு வரும், ஏழுக்கு நிக்கும். கேஸ் மீட்டர் வால்வு மேடைக்குக் கீழே இடதுபக்கம், இறுக்கமா இருக்கும், பலமாத் திருப்பணும். அடுக்களை ஜன்னல்ல காக்காக்குச் சோறு வெப்பேன், ஒரு வாரம் வந்து கத்தும், விரட்ட வேண்டாம். மூலைச் சுவருக்கு நவம்பர்ல சாரம் கட்டலைன்னா செக்ரட்டரி வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை காலையில போங்க, அப்போதான் இருப்பார். அதுவரைக்கும் பீரோவை அந்தப் பக்கம் போட வேண்டாம்.'

(தொடரும்)